சிங்கிளாக வந்திருக்க வேண்டிய பாட்டுகள்

போன தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தபோது டிவியில் 'அலைகள் ஓய்வதில்லை' ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தப் படத்தில் ஒரே ஒரு பாட்டுதான் வேண்டும். 'புத்தம் புது காலை'. அதற்காக விளம்பர இடைவேளைகளை எல்லாம் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பாட்டாக வந்து போனது. அது மட்டும் வரவில்லை. கிளைமாக்ஸ் நெருங்கும்போது பெரியப்பா உள்ளே வந்தார்.

"ஏங்கண்ணு, இத்தன நேரமா உக்காந்து பாத்துட்டு இருக்கறயே, அப்படி என்ன இருக்குது இதுல?"

சொன்னேன். சிரித்துவிட்டார்.

"அட சாமி, அந்தப் பாட்டு படத்துல வராது. கேசட்டுலதான் இருக்குது. நானும் தேட்டர்ல ரெண்டு வாட்டி பாத்து ஏமாந்தவன்தான்."

பெரியப்பா சாதாரண ரசிகர் இல்லை. எண்பதுகளின் நடுவிலிருந்து தொண்ணூறுகளின் கடைசி வரை பொள்ளாச்சிப் பக்கம் ஒரு ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர். அவர் சொன்ன அந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். படத்தில் இல்லாத பாட்டு எப்படி ஊருக்கே தெரிந்தது? யார் அதைக் காப்பாற்றினார்கள்? அதற்கு உரிய இடம் கிடைத்ததா?

இங்கிலீஷ் பாட்டு கேட்கும் நண்பர்களிடம் ஒரு பழைய சண்டை உண்டு. பீட்டில்ஸ் ஆல்பத்தில் எந்தப் பாட்டு சிங்கிளாக வந்திருக்க வேண்டும், லெட் செப்பலின் ஏன் அந்தப் பாட்டை சிங்கிளாக விடவில்லை என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். கேன்டீனில் ஒரு டீயை வைத்துக்கொண்டு ஒரு மதியத்தையே ஓட்டிவிடலாம். நமக்கும் அதே சண்டை போட எல்லா உரிமையும் உண்டு. நாம்தான் போடுவதில்லை. இதோ ஆரம்பித்து வைக்கிறேன் :-)

சிங்கிள் என்றால் என்ன?

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பாடம். அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி 1948-இல் எல்.பி. ரெக்கார்டைக் கொண்டு வந்தது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். அடுத்த வருடமே போட்டிக் கம்பெனியான ஆர்.சி.ஏ. 45 சுற்று சின்னத் தட்டைக் கொண்டு வந்தது. அதில் பக்கத்துக்கு ஒரு பாட்டு. இந்தச் சின்னத் தட்டுதான் சிங்கிள். விலை குறைவு, பள்ளிக்கூடப் பையன் கூட கைக்காசில் வாங்கலாம். ரேடியோவில் போடுவதும் பெரும்பாலும் அதைத்தான். சிங்கிளைக் கேட்டு மயங்கியவன் பிறகு முழு ஆல்பத்தை வாங்குவான். கடைக்காரர் நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லி ஒரு துண்டு மைசூர்பாகு கொடுப்பாரே, அந்த வியாபாரம்தான்.

இதில் தவறான கணக்குகளும் நடந்திருக்கின்றன. பீட்டில்ஸின் 'யெஸ்டர்டே' 1965-இல் இங்கிலாந்தில் ஆல்பத்தில் மட்டும் வந்தது. அமெரிக்காவில் அதே வருடம் சிங்கிளாக விட்டார்கள், முதலிடம் பிடித்தது. இங்கிலாந்துக்காரர்களுக்கு அது சிங்கிளாகக் கிடைத்தது 1976-இல், அதாவது பீட்டில்ஸ் பிரிந்து ஆறு வருடம் கழித்து! லெட் செப்பலின் வேறு கணக்குப் போட்டது. 1971-இல் வந்த 'ஸ்டேர்வே டு ஹெவன்' பாட்டை ரேடியோக்காரர்கள் ஓயாமல் போட்டும், அதைக் கடையில் விற்கும் சிங்கிளாக விடவே இல்லை. பாட்டு வேண்டுமென்றால் முழு ஆல்பத்தை வாங்கு! காமர்ஸ் படிக்கிறவன் என்கிற முறையில் இதற்கு எழுந்து நின்று கை தட்டுகிறேன்.

கொடுமுடி அம்மாவின் சிங்கிள்

"சிங்கிள் எல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கு சினிமாப் பாட்டுதான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் சினிமா பேச ஆரம்பித்தது 1931-இல். அதற்கு முன்பே கிராமபோன் தட்டு இருந்தது. 78 சுற்று வேகத்தில் ஓடும் அந்தத் தட்டில் பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம், பெரும்பாலும் ஒரே பாட்டு. அதாவது ஒவ்வொரு தட்டும் ஒரு சிங்கிள்தான்.

அந்தக் காலத்து சூப்பர் ஸ்டார் யார் என்று பார்த்தால் நம்ம ஊர்க்காரர். காவிரிக்கரைக் கொடுமுடியில் 1908-இல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள். நாடக மேடையில் அவரும் எஸ்.ஜி. கிட்டப்பாவும் பாடிய பாட்டுகள் தட்டுகளாக வந்து வீடு வீடாகப் போயின. படம் கிடையாது, காட்சி கிடையாது, ஹீரோ கிடையாது. குரலுக்காக மட்டும் காசு கொடுத்து வாங்கினார்கள். கிட்டப்பா 1933-இல் இறந்த பிறகு மேடையை விட்டு ஒதுங்கியிருந்தவரை 'நந்தனார்' (1935) படத்தில் நடிக்கவைக்க ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்கள். அந்த மதிப்பு சினிமாவால் வந்தது இல்லை. அதற்கு முன்பே மேடையும் தட்டுகளும் சம்பாதித்துக் கொடுத்த மதிப்பு.

பிறகு சினிமா பாட்டை மொத்தமாக விழுங்கிவிட்டது. அந்த விழுங்கலில் கோயம்புத்தூருக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பாகவதரின் 'ஹரிதாஸ்' (1944) எடுக்கப்பட்டது இங்கே சென்ட்ரல் ஸ்டுடியோவில். 'மலைக்கள்ளன்' (1954) எடுத்தது இங்கே இருந்த பட்சிராஜா ஸ்டுடியோ. எம்.ஜி.ஆருக்கு டி.எம்.எஸ். குரல் என்று ஊர் முடிவு செய்தது அந்தப் படத்தில்தான். எம்.எஸ். விஸ்வநாதன் எடுபிடிப் பையனாக வேலை பார்த்துக்கொண்டே எஸ்.எம். சுப்பையா நாயுடுவிடம் தொழில் கற்றதும் கோவையில்தான். இன்றைக்கு நாம் "சினிமாப் பாட்டு" என்று சொல்கிற பொருளை உருவாக்கிய பட்டறைகளில் ஒன்று நம்ம ஊர்.

நாலு பாட்டுக்கு மட்டும் இடம்

ஐம்பதுகளுக்குப் பிறகு 78 தட்டு மெல்ல மறைந்து இ.பி. தட்டு வந்தது. அளவில் சிங்கிள் மாதிரியே சின்னதுதான், ஆனால் பக்கத்துக்கு இரண்டு பாட்டு அடங்கும். ஆக மொத்தம் நாலு. தமிழ்ப் படத்திலோ ஆறு, ஏழு பாட்டு இருக்கும். எந்த நாலு? அந்த முடிவை எடுத்தவர் யாரோ, அவர்தான் அன்றைய சிங்கிள் தேர்வாளர். மீதிப் பாட்டுகள் இன்னொரு இ.பி.யில் வரலாம், எல்.பி. வந்தால் அதில் வரலாம், வராமலும் போகலாம்.

ரேடியோ கதை இன்னும் சுவாரசியம். 1952-இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரம் குறைந்தது என்று சொல்லி ஆல் இந்தியா ரேடியோவில் அதை ஓரங்கட்டினார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி ரேடியோ சிலோனை வைத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித பாரதியை ஆரம்பித்தது அரசாங்கம். அதன் பிறகும் இலங்கை வானொலி மோகம் குறையவில்லை. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

ரேடியோவின் பெருமை என்னவென்றால், அதற்குப் படம் தேவையில்லை. ஒரு பாட்டு படத்தில் வந்ததா, வெட்டப்பட்டதா, படம் ஓடியதா, பெட்டிக்குள் போனதா, எதுவும் அதற்குக் கவலையில்லை. தட்டு கையில் இருந்தால் போதும். படத்தில் அனாதையான பாட்டுகளுக்கு முதல் அடைக்கலம் கொடுத்தது ரேடியோ.

இரண்டாவது அடைக்கலம் கேசட். பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் கண்டுபிடித்த இந்தச் சின்னப் பெட்டி, எண்பதுகளில் நம் ஊர்களை ஆட்டிப் படைத்தது. கம்பெனி கேசட்டை அப்படியே வாங்கியவர்கள் ஒரு பக்கம். காலி கேசட்டும் ஒரு துண்டுச் சீட்டும் எடுத்துக்கொண்டு ரெக்கார்டிங் சென்டருக்குப் போனவர்கள் இன்னொரு பக்கம். 60 நிமிட கேசட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டு பிடிக்கும். 90 என்றால் இருபது வரை. (சட்டப்படி இது தப்பு. பெரியப்பாவுக்கும் தெரியும். "அப்ப ஆருக்குங்க அதெல்லாம் தெரியும்" என்று நழுவிவிடுவார்.)

பெரியப்பா சொல்வது: "லிஸ்ட்டு எழுதிட்டு வாரவங்க படம் பேரெல்லாம் கேக்க மாட்டாங்க. டவுன் பஸ்ஸுல போடுவாங்களே அந்தப் பாட்டு, நம்ம மில்லு ஷிப்ட் விடறப்ப டீக்கடையில ஓடுதே அந்தப் பாட்டு, அப்படித்தான் கேப்பாங்க. படத்துல வராத பாட்டுன்னு சொன்னா நம்பவே மாட்டாங்க."

இந்தத் துண்டுச் சீட்டுகளை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். கம்பெனி சிங்கிள் விடவில்லை. ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளரும் தனக்கு எது சிங்கிள் என்பதைக் கைப்பட எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு ஒன்றுகூட இன்று இல்லை. பெரியப்பா கடையை மூடியபோது எல்லாம் பழைய பேப்பரோடு போய்விட்டது. கொங்கு நாட்டு மில் தொழிலாளியும் தோட்டத்துக்காரரும் பஸ் கண்டக்டரும் இருபது வருடம் எதை விரும்பிக் கேட்டார்கள் என்ற கணக்கு எங்கேயும் பதிவாகவில்லை. வெளிநாட்டில் வாராவாரம் சிங்கிள் விற்பனைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். எந்தப் பாட்டு எத்தனையாவது இடம் என்று அறுபது வருடம் கழித்தும் எடுத்துப் பார்க்கலாம். நமக்கு அந்த வரலாறு பெரியப்பா மாதிரி ஆட்களின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது. அவர்களுக்கும் வயதாகிறது.

என் பட்டியல்

சரி, சண்டைக்கு வருவோம். தனியாக, சொந்தக் காலில் வெளிவந்திருக்க வேண்டியவை என்று நான் நினைக்கும் ஐந்து. வருட வரிசையில் தருகிறேன், தர வரிசை இல்லை.

1. 'தூரத்தில் நான் கண்ட உன் முகம்' - நிழல்கள் (1980). இசை இளையராஜா, பாடியவர் எஸ். ஜானகி. வைரமுத்துவின் முதல் பாட்டு வந்த படம் என்பதால் 'நிழல்கள்' என்றதும் எல்லோரும் 'இது ஒரு பொன்மாலைப் பொழுது' பற்றிப் பேசுவார்கள், அல்லது 'மடை திறந்து' பற்றி. இந்தப் பாட்டு படத்திலேயே இல்லை. படமும் ஓடவில்லை. ஆக இரட்டை அனாதை. ஒரு பெண் குரல் தனியாக நின்று ஏங்குகிறது, அதற்குப் பின்னால் வாத்தியங்கள் ஒரு பெரிய கட்டிடம் மாதிரி எழுகின்றன. இதற்கு ஒரு காட்சி எடுப்பதே கஷ்டம் என்று தோன்றும். அதனால்தான் சொல்கிறேன், இது தனியாகவே வந்திருக்க வேண்டும்.

2. 'புத்தம் புது காலை' - அலைகள் ஓய்வதில்லை (1981). மறுபடி இளையராஜா, மறுபடி ஜானகி. இதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

3. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' - ஹவ் டு நேம் இட் (1986). இது சினிமாவே இல்லை. இளையராஜா தனியாகப் போட்ட வாத்திய இசை ஆல்பம். ஐரோப்பாவின் பாக்கையும் நம்ம தியாகராஜரையும் ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசவிட்ட மாதிரி ஆல்பம். வயலின் வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். பாக்கின் வயலின் இசைத்துண்டு ஒன்றை எடுத்து அதன் மேலேயே இன்னொரு கட்டிடம் கட்டியிருக்கிறார். இந்த ஆல்பத்தின் இசையை பாலு மகேந்திரா தன் 'வீடு' (1988) படத்தில் பயன்படுத்தினார். கவனியுங்கள், சினிமாவுக்கு வெளியே பிறந்த இசைகூட கடைசியில் சினிமா வாசலில் போய் நிற்கிறது. இந்த ஒரு துண்டை மட்டும் மலிவு விலையில் தனி கேசட்டாக விட்டிருந்தால், "வாத்தியம் மட்டும் யார் கேட்பா" என்கிற நம்ம ஊர்ப் பேச்சு கொஞ்சம் மாறியிருக்குமோ என்று ஒரு ஆசை.

4. 'புத்தம் புது பூ பூத்ததோ' - தளபதி (1991). ஜேசுதாஸும் ஜானகியும். இந்த ஆல்பத்தின் 'ராக்கம்மா கையத் தட்டு' 2002-இல் பி.பி.சி. நடத்திய உலக வாக்கெடுப்பில் நாலாவது இடம் பிடித்தது. அதே கேசட்டில் பக்கத்து வீட்டில் குடியிருந்த இந்தப் பாட்டுக்குப் படத்தில்கூட இடம் கிடைக்கவில்லை. 'புத்தம் புது' என்று ஆரம்பித்தாலே ராசி இல்லையோ என்று ஒரு தியரி வைத்திருந்தேன். 'திருடா திருடா'வில் 'புத்தம் புது பூமி' வந்து அந்தத் தியரியைக் கெடுத்துவிட்டது :-)

5. 'ராசாத்தி என் உசுரு' - திருடா திருடா (1993). ஏ.ஆர். ரஹ்மான் இசை, ஷாகுல் ஹமீது பாடியது. இந்தப் பாட்டில் வாத்தியமே இல்லை. ஒரு மனிதர் பாடுகிறார், சுற்றிலும் மனிதக் குரல்கள். அவ்வளவுதான். வாத்தியப் புதுமைக்குப் பேர் போன ஒருவர், தன் இரண்டாவது வருடத்திலேயே எல்லா வாத்தியத்தையும் ஒதுக்கி வைத்துவிட்டு இதைச் செய்தார். எல்லோரும் அப்போது 'சந்திரலேகா' கேட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் அதைத்தான் முதலில் கேட்டேன், பொய் சொல்லவில்லை. ஷாகுல் ஹமீது 1997-இல் விபத்தில் இறந்துவிட்டார். இந்த ஒரு பாட்டு தனித்தட்டாக வந்து, அட்டையில் அவர் படம் போட்டிருந்தால், அவர் முகம் நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும் என்று யோசிக்கிறேன்.

விட்டுப்போனவை நிறைய. படம் தோற்று பாட்டு ஜெயித்த 'காதல் ஓவியம்' (1982), 'சங்கமம்' (1999), 'என் சுவாசக் காற்றே' (1999) எல்லாம் தனிப் பட்டியலே போடலாம்.

தேங்காயும் மட்டையும்

இங்கே கொஞ்சம் காஸ்ட் அக்கவுண்டிங். பயப்பட வேண்டாம், பேலன்ஸ் ஷீட் கிடையாது.

ஒரு தொழிலில் முக்கியப் பொருளைத் தயாரிக்கும்போது கூடவே ஒரு சின்னப் பொருள் வரும். அதற்கு உபபொருள் என்று பேர். பருத்தி அரைக்கும்போது வருகிற கொட்டை மாதிரி. உபபொருளை விற்று வருகிற காசைத் தனி லாபமாகக் காட்டாமல், முக்கியப் பொருளின் செலவில் கழித்துவிடுவது ஒரு வழக்கமான கணக்கு முறை.

தமிழ் சினிமா பாட்டை நடத்திய விதம் அச்சு அசலாக இதுதான். படம் முக்கியப் பொருள், பாட்டு உபபொருள். ஆடியோ உரிமையை மொத்தமாக ஒரு தொகைக்கு விற்று, அந்தக் காசைப் படச் செலவில் கழித்துக்கொள்வார்கள். அதன் பிறகு பாட்டு என்ன ஆனாலும் தயாரிப்பாளருக்குக் கவலை இல்லை. படத்துக்கு உதவாத பாட்டா, வெட்டு.

ஆனால் பொள்ளாச்சிக்காரர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். ஒரு காலத்தில் தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்தபின் மிஞ்சுகிற தூளை ரோட்டோரம் மலை மாதிரிக் குவித்து வைத்திருப்பார்கள். யாரும் சீந்த மாட்டார்கள். இன்று அதே நார்த்தூள் கட்டியாக அழுத்தப்பட்டு, வெளிநாட்டில் மண்ணுக்குப் பதிலாகச் செடி வளர்க்கக் கப்பல் ஏறுகிறது. உபபொருள் எது, முக்கியப் பொருள் எது என்பதைக் காலம்தான் முடிவு செய்கிறது. 'நிழல்கள்' படத்தை முழுசாகப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அதன் பாட்டைக் கேட்டவர்கள் எத்தனை பேர்? நாற்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகு கணக்குப் பார்த்தால், படம்தான் அந்தப் பாட்டுகளின் உபபொருள்!

இது வெறும் ரசனைப் பிரச்சினை இல்லை, காசுப் பிரச்சினை. 2012-இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். மாநிலங்களவையில் இதற்காகக் குரல் கொடுத்தவர் கவிஞர் ஜாவேத் அக்தர். அதன்படி, தியேட்டரில் படத்தோடு காட்டுவது தவிர வேறு எந்த விதத்தில் பாட்டைப் பயன்படுத்தினாலும் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சம பங்கு உண்டு. அந்தப் பங்கை வாரிசுகளுக்கோ ராயல்டி வசூலிக்கும் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. அதாவது தியேட்டருக்கு வெளியே பாட்டுக்குத் தனி வாழ்க்கை உண்டு, அந்த வாழ்க்கைக்குத் தனி வருமானம் உண்டு என்று சட்டமே ஒப்புக்கொண்டுவிட்டது. எண்பதுகளில் வெட்டப்பட்ட பாட்டுகளுக்கு இந்த ஞானோதயம் ரொம்ப லேட்.

2024-இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' மலையாளப் படத்தில் 'குணா' (1991) பாட்டு வந்து, பாட்டு பிறந்தபோது பிறக்காத பசங்க எல்லாம் பாடித் திரிந்தார்கள். அந்த வருடம் மே மாதம் இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. "பெரிய மனுசன் இதுக்கெல்லாம் கேஸ் போடலாமா" என்று நம் கிளாஸிலேயே பேசினார்கள். உபபொருளாக விற்ற ஒன்று முப்பது வருடம் கழித்து முக்கியப் பொருளானால் அந்த லாபம் யாருக்கு? கேள்வி நியாயமானது. பதில் யாருக்குச் சாதகம் என்பது வேறு விஷயம்.

இப்போது சிங்கிள் வந்துவிட்டதே?

வந்துவிட்டது. 2011 நவம்பரில் '3' படத்தின் 'ஒய் திஸ் கொலவெறி டி' தனியாக வந்து உலகம் சுற்றியது. படம் வந்தது 2012 மார்ச் 30. பாட்டு ஓடிய ஓட்டம் படம் ஓடவில்லை. அதே 2011-இல் நம்ம கோவைப் பையன் ஹிப்ஹாப் தமிழா ஆதி 'கிளப்புல மப்புல' பாட்டோடு, சினிமா இல்லாமலே ஊருக்குத் தெரிந்தார். கொடுமுடி அம்மாவுக்குப் பிறகு, கொங்கு நாட்டிலிருந்து ஒரு குரல் படம் இல்லாமல் புகழ் வாங்கியது எனக்கு ரொம்பப் பிடித்த ஒற்றுமை. (பாட்டின் கருத்து வேறு விஷயம். சுந்தராம்பாள் அம்மா கேட்டிருந்தால் காதைத் திருகியிருப்பார்.)

இப்போது எந்தப் படமானாலும் ஃபர்ஸ்ட் சிங்கிள், செகண்ட் சிங்கிள் என்று வருகிறது. அப்படியானால் என் புலம்பல் தீர்ந்துவிட்டதா?

இல்லை. இரண்டு காரணம்.

ஒன்று, இந்த சிங்கிளும் பெரும்பாலும் படத்துக்கு விளம்பரம்தான். இன்னும் அது உபபொருள்தான், போஸ்டருக்குப் பதில் பாட்டு. முழுக்கத் தனியாக வந்த பாட்டின் கதியாவது நன்றாக இருக்கிறதா என்றால், 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாய் எஞ்சாமி'யைப் பாருங்கள். கோடிக்கணக்கான தடவை பார்க்கப்பட்ட பாட்டு. அதிலிருந்து தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் பொதுவில் சொன்னார். தனிப்பாட்டு என்றாலே தனி வருமானம் என்று ஆகிவிடாது போலிருக்கிறது.

இரண்டாவது காரணம் எனக்கே வருத்தமானது. கேசட்டில் ஒரு பாட்டைத் தாண்டிப் போவது தொல்லை. பட்டனை அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி அழுத்தி... அதற்குச் சோம்பல்பட்டே பி சைடு கடைசிப் பாட்டையும் கேட்டுவிடுவார்கள். 'தூரத்தில் நான் கண்ட' மாதிரிப் பாட்டுகள் பிழைத்ததே இந்தச் சோம்பலால்தான் என்பது பெரியப்பாவின் கருத்து. இன்று விரலால் தட்டினால் அடுத்த பாட்டு. சிங்கிளாக வந்த மூன்றைக் கேட்டுவிட்டு ஆல்பத்தின் மீதியை யாரும் தொடுவதில்லை. நானும் இதில் குற்றவாளிதான். 'பொன்னியின் செல்வன்' (2022) வந்தபோது 'பொன்னி நதி'யை எத்தனை தடவை கேட்டேன், 'சொல்' பாட்டை எப்போது முதலில் கேட்டேன் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. ஆக, சிங்கிள் கொடுக்காதது அன்றைய அநியாயம் என்றால், சிங்கிள் மட்டும் கேட்பது இன்றைய அநியாயம்.

மறுபடி புத்தம் புது காலை

இப்போது பாக்கி வைத்த பாட்டுக்கு வருகிறேன்.

'புத்தம் புது காலை'க்கு முப்பத்து மூன்று வருடம் காட்சியே கிடையாது. 2014-இல் 'மேகா' படத்தில் அது மறுபடி பதிவாகித் திரைக்கு வந்தது. 2020-இல் ஐந்து குறும்படங்களின் தொகுப்புக்கே அந்தப் பெயர் வைத்தார்கள். "கடைசியில் நியாயம் கிடைத்தது" என்று எழுதி இந்தக் கட்டுரையை அழகாக முடிக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

பெரியப்பாவிடம் 'மேகா' பாட்டைப் போட்டுக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். "நல்லாத்தான் எடுத்திருக்கறாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா எனக்கு அந்தப் பாட்டுன்னா நம்ம கடை சாவிதான் ஞாபகம் வரும் கண்ணு" என்றார். காலையில் ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்தி வைத்துவிட்டு, முதல் பாட்டாக அதைத்தான் போடுவாராம். சுப்ரபாதம் எல்லாம் அப்புறம்தான். எதிர்த்த டீக்கடைக்காரர் அந்தப் பாட்டு கேட்டால்தான் அடுப்பைப் பெரிசாக்குவாராம்.

எனக்குக் கொஞ்சம் உறைத்தது. அந்தப் பாட்டுக்குக் காட்சி இல்லாமல் இல்லை. கேட்ட ஒவ்வொருவரிடமும் ஒரு காட்சி இருந்திருக்கிறது. படத்தில் வந்திருந்தால் எல்லோருக்கும் ஒரே காட்சிதான் இருந்திருக்கும்.

அதனால் என் கட்சியைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். இந்தப் பாட்டுகளைப் படத்தில் வைத்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சுந்தராம்பாள் தட்டுகள் வந்த மாதிரி, தன் பெயரில், தன் விலையில், பாடியவர் எழுதியவர் பெயர் அட்டையில் போட்டுத் தனியாக வந்திருக்க வேண்டும் என்கிறேன். இவ்வளவுதான் என் கோரிக்கை.

ஒரு சின்ன வேலை சொல்கிறேன், செய்வீர்களா? உங்கள் வீட்டிலும் ஒரு பெரியப்பாவோ அத்தையோ அமுச்சியோ இருப்பார்கள். அந்தக் காலத்தில் கேசட்டில் என்னென்ன பாட்டுப் பதிந்து வாங்கினார்கள் என்று கேளுங்கள். ஒரு பேப்பரில் எழுதி வையுங்கள். பெரியப்பா கடையில் பழைய பேப்பரோடு போனதில் பத்து வரியாவது திரும்பக் கிடைத்தால் லாபம்தானே.

என் ஐந்து தப்பு என்று சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம். கேன்டீன் டீ என் செலவு. பஜ்ஜி உங்கள் செலவு.